பத்திரம் வேறு, பதிவு வேறு

நோவையில் எங்கள் வீட்டிலிருந்து எந்தத் திசையில் காரை ஓட்டினாலும் கால் மணி நேரத்துக்குள் ஒரு ஏரி குறுக்கே வந்துவிடும். மிச்சிகன் மாநிலத்தில் உள்நாட்டு ஏரிகள் மட்டும் 11,000-க்கு மேல். பக்கத்து வீட்டுக்காரர் சனிக்கிழமைதோறும் டிரெய்லரில் படகை ஏற்றி இழுத்துக்கொண்டு போவதை ஐந்து கோடைகள் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா அக்கரைப்பேட்டையில் முப்பது வருடம் கடலுக்குப் போனவர். அவர் மகனான நான் கார் கம்பெனியில் எஞ்சின் சோதனை செய்கிறேன். ஆறாவது கோடையில் பொறுக்க முடியவில்லை.

ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம் 2004-ஆம் ஆண்டுப் படகு ஒன்று விலைக்கு வந்தது. பதினெட்டு அடி நீளம், ஃபைபர் உடல், எஞ்சின் படகுக்குள்ளேயே பொருத்தியது. விலை பேசி முடித்தோம். ஊர்ப் பழக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளைப் படகின் பின்பக்கத்தில் வைத்துப் பென்சிலால் தேய்த்து, அங்கே பொறித்திருந்த எண்ணைப் பிரதி எடுத்தேன். நாகப்பட்டினத்தில் பைக் வாங்கியபோது சேஸ் நம்பரை அப்படித்தான் எடுத்தோம். பெரியவர் விநோதமாகப் பார்த்தார். அமெரிக்காவில் 1972 நவம்பருக்குப் பிறகு கட்டிய ஒவ்வொரு படகிலும் இந்த அடையாள எண் இருக்க வேண்டும். மொத்தம் பன்னிரண்டு எழுத்துகள். முதல் மூன்று, கட்டிய நிறுவனத்தைக் குறிப்பவை. இந்தக் காலத்துப் படகுகளில் கடைசி இரண்டு மாடல் வருடம். இது 04 என்று முடிந்திருந்தது. பெரியவர் சொன்ன வருடம் பொய்யில்லை என்று மனம் நிறைந்தது.

அவர் என்னிடம் கொடுத்தவை இரண்டு: விற்பனை ரசீது, சட்டைப்பைக்குள் அடங்கும் பதிவுச் சான்று. அந்தச் சான்றில் படகின் எண் இருந்தது, அவர் பெயரும் முகவரியும் இருந்தன. ஆர்.சி. புத்தகத்தில் வேறென்ன இருக்கும்? பாதிப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மிச்சிகனில் வண்டி, படகு, ஓட்டுநர் உரிமம் எல்லாம் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகத்தின் பொறுப்பு. வந்த புதிதில் அந்தப் பலகையைப் பார்த்து, வெளியுறவு அமைச்சருக்கு இந்தக் கடைத்தெருவில் என்ன வேலை என்று திகைத்திருக்கிறேன். வாஷிங்டனில் அந்தப் பதவிக்கு அதுதான் பொருள். இங்கே அது நம்பர் பிளேட்டும் தேர்தலும் பார்க்கிற மாநிலப் பதவி. சாளரத்தில் இருந்த பெண் என் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "டைட்டில் எங்கே?" என்று கேட்டார். உரிமைப் பத்திரத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

அலுவலக நண்பர் ஒருவர் முன்பே எனக்குப் பாடம் எடுத்திருந்தார்: இருபது அடிக்குக் குறைந்த படகுக்கு டைட்டில் தேவையில்லை. அதையே ஒப்பித்தேன். அது பாதி விதி. இருபது அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள படகுகளுக்கு டைட்டில் கட்டாயம்; அதோடு, எஞ்சினை நிரந்தரமாகப் பொருத்திய படகு எத்தனை அடியானாலும் கட்டாயம். அப்பாவின் படகைப்போல் பின்னால் கழற்றி மாட்டுகிற அவுட்போர்டு எஞ்சினாக இருந்திருந்தால் அன்றே வேலை முடிந்திருக்கும்.

நம் ஊர்க்காரர் எல்லோரும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறோம் என்று பிறகு பலரிடம் பேசியபோது தெரிந்தது. இந்தியாவில் ஆர்.சி. என்ற ஒரே புத்தகம் இரண்டு வேலையையும் பார்க்கிறது: வண்டி யாருடையது என்றும் சொல்கிறது, ஓட்டலாம் என்றும் சொல்கிறது. இங்கே அவற்றைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். டைட்டில் என்பது கிரயப் பத்திரம் மாதிரி. அதன்மேல் கடன் இருந்தால் அதிலேயே எழுதியிருக்கும். விற்பவர் அதில் கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் பொருள் கைமாறும். பதிவு என்பது தண்ணீரில் இறக்க அனுமதி, அவ்வளவுதான். நான் அனுமதிச் சீட்டை வாங்கிக்கொண்டு சொத்து வாங்கியதாக நினைத்திருந்தேன்.

பெரியவரிடம் போனால், டைட்டிலை வீடு மாறியபோது தொலைத்துவிட்டதாகச் சொன்னார். நகல் டைட்டிலுக்கு விண்ணப்பித்தார். நகல் வந்தது, படகு வாங்கியபோது எடுத்த கடனும் அதில் பத்திரமாக வந்து உட்கார்ந்திருந்தது. கடனை எப்போதோ அடைத்துவிட்டார். அடைத்த கையோடு வங்கியிடம் வாங்கியிருக்க வேண்டிய விடுவிப்புக் கடிதத்தைத்தான் வாங்கவில்லை. அந்த வங்கி அதற்குள் வேறொரு வங்கியோடு இணைந்து, அது இன்னொன்றோடு இணைந்திருந்தது. ஐந்து வாரம் தொலைபேசியில் காத்திருப்பு இசை கேட்டார், பாவம். ஒருமுறைகூட என்மேல் எரிந்து விழவில்லை. கடிதம் வந்த அன்று தானே என்னைக் காரில் ஏற்றிச் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகத்துக்கு அழைத்துப் போய், வாசலில் டைட்டிலில் கையெழுத்திட்டுக் கொடுத்தார். மீதிப் பணத்தை அங்கேயே கொடுத்தேன்.

அதன் பிறகு எல்லாம் பத்து நிமிடம். விலையில் 6 சதவீத வரி. நெருங்கிய உறவினரிடமிருந்து வாங்கினால் இந்த வரி இல்லை. உறவினர் பட்டியலில் மாமனாரும் மைத்துனரும்கூட இருக்கிறார்கள். தஞ்சாவூரில் இருக்கும் என் மாமனாரிடம் கப்பல் ஏதாவது இருக்கிறதா என்று மனைவியைக் கேட்டேன். பதில் சொல்லாமல் போய்விட்டாள். பதிவுக் கட்டணம் படகின் நீளத்தைப் பொறுத்தது. மூன்றாவது வருடம் மார்ச் 31 வரை செல்லும். டிரெய்லருக்குத் தனி பிளேட், அது காலாவதியே ஆகாது. எடை 2,500 பவுண்டுக்குக் குறைந்ததால் அதற்காவது டைட்டில் கேட்கவில்லை.

படகின் பதிவு எண் எம்.சி. என்று தொடங்குகிறது. மிச்சிகனின் தபால் சுருக்கம் எம்.ஐ. ஆயிற்றே என்று கேட்டால், படகு உலகில் எம்.ஐ. மிசிசிப்பிக்குப் போய்விட்டது. மிசிசிப்பியின் தபால் சுருக்கமான எம்.எஸ். படகில் மாசசூசெட்ஸ். இந்தக் குழப்பத்தை உட்கார்ந்து யோசித்தவரைச் சந்திக்க எனக்கு ஆசை.

எண்ணை நாமே ஒட்ட வேண்டும். படகின் முன்பாதியில் இரு பக்கமும், மூன்று அங்குலத்துக்குக் குறையாத தடித்த எழுத்து, உடலின் நிறத்துக்கு மாறான நிறம், எழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவே இடைவெளி. அளவுகோல் பிடித்து இடப்பக்கம் ஒட்டினேன், எம்.சி. படகின் முன்முனையான அணியத்தின் பக்கம் வந்தது. வலப்பக்கமும் அணியத்திலிருந்தே தொடங்கி ஒட்டி முடித்தேன். எட்டு வயது மகள் வந்து நின்று, "அப்பா, இந்தப் பக்கம் நம்பர் திரும்பி இருக்கிறது" என்றாள். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும்; அப்படியானால் வலப்பக்கத்தில் எண்ணின் கடைசி எழுத்துதான் அணியத்துக்கு அருகே வரும். ஹேர் டிரையரால் சூடுகாட்டி எட்டு எழுத்துகளையும் பிய்த்து எடுத்துவிட்டுப் புதிய எழுத்துகள் வாங்க ஓடினேன்.

ஆகஸ்ட் முதல் வாரம் காஸ் ஏரியில் இறக்கினோம். அரை மணி நேரம் ஆகியிருக்காது, ஷெரிஃப் அலுவலகப் படகு பக்கத்தில் வந்து நின்றது. ஒளிக்க ஒன்றும் இல்லாதபோதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பதிவுச் சான்றை நீட்டினேன். எண்ணைப் படகோடு ஒப்பிட்டார். நான்கு பேருக்கு நான்கு உயிர்காப்பு உடை, எறிவதற்கு ஒரு மிதவை என்று எண்ணினார். நான்கு வயது மகன் உடையை அணிந்திருப்பதைப் பார்த்துத் தலையசைத்தார். ஆறு வயதுக்குக் குறைந்தவர்கள் கழற்றவே கூடாது. நன்றி சொல்லிவிட்டுப் போனார். டைட்டிலை அவர் கேட்கவே இல்லை. அது வீட்டு அலமாரியில், என் பட்டச் சான்றிதழோடு இருக்கிறது.

நடு ஏரியில் எஞ்சினை அணைத்துவிட்டு அப்பாவை வீடியோவில் அழைத்தேன். படகைச் சுற்றிக் காட்டச் சொன்னார். முதலில் எஞ்சின், பிறகு தரை, பிறகு பக்கவாட்டு எண். அவருடைய படகிலும் எண் உண்டு: ஐ.என்.டி. டி.என். 06 எம்.ஓ. என்று தொடங்கும். 2004 சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனம் ஒன்று கொடுத்த ஃபைபர் படகு அது. எண்ணுக்கு மேலே கொட்டை எழுத்தில் அந்த நிறுவனத்தின் பெயர். எத்தனையோ முறை வண்ணம் மாற்றி அடித்தும் அந்தப் பெயரை மட்டும் அப்பா அழிக்கவில்லை.

"நம்பர் சரி. பேர் எங்கே?" என்று கேட்டார்.

"இங்கே சின்னப் படகுக்குப் பெயர் கேட்பதில்லை அப்பா."

"அவர்கள் கேட்க வேண்டாம். அணியத்தைக் கொஞ்சம் கிட்டக் காட்டு."

காட்டினேன். எண்ணுக்கும் விளிம்புக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து சொல்லச் சொன்னார்.