கஞ்சா கேஸும் 64ஏ பிரிவும்: தம்பிக்காக அலைந்த கதை

போன வருஷம் ஆடி மாதம் ராத்திரி பதினொரு மணிக்கு ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. தம்பியின் சட்டைப்பையில் இரண்டு பொட்டலம் கஞ்சா, எடை 40 கிராம். அம்மா அழுத அழுகையில் எனக்கும் அவனைப் பத்து வருஷம் உள்ளே போட்டுவிடுவார்கள் என்றே பயம். பத்து வருஷத்துக்குக் குறையாத தண்டனையெல்லாம் 20 கிலோவுக்கு மேல் வைத்திருப்பவர்களுக்கு, ஒரு கிலோ வரை 'சிறிய அளவு', அதிகபட்சம் ஒரு வருஷம் அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்று மறுநாள் வக்கீல் சொன்ன பிறகுதான் மூச்சே வந்தது.

ஆனால் ஜாமீனில் வெளியே வந்த மூன்றாம் நாளே அவன் மறுபடி புகைத்துவிட்டு வந்தான். கேஸ் ஒரு பக்கம், இது ஒரு பக்கம்.

1985ல் வந்த போதைப்பொருள் சட்டத்திலேயே இதற்கு ஒரு வழி இருக்கிறது, 64ஏ பிரிவு. போதைக்கு அடிமையானவர், உபயோகித்ததற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ மாட்டிக்கொண்டால், தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால் வழக்கிலிருந்து விலக்கு பெறலாம். பாதியில் விட்டுவிட்டு ஓடினால் அந்த விலக்கை ரத்து செய்யவும் முடியும். இதை ஸ்டேஷனில் யாரும் சொல்லவில்லை. சுவரில் தகவல் கொடுக்கச் சொல்லி 10581 நம்பர் பெரிதாக இருந்தது, சிகிச்சைக்கான 14446 எங்குமே இல்லை. எனக்கு அதுதான் இன்றும் ஆறவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 'தானாக முன்வந்து' என்பதில்தான் நாங்கள் முதலில் சறுக்கினோம். சித்தப்பா சொன்னார் என்று ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தில் விசாரித்தோம், ஆளை வீட்டிலிருந்தே தூக்கிக்கொண்டு போய் மூன்று மாதம் பூட்டி வைப்போம் என்றார்கள். அங்கீகாரச் சான்றிதழ் கேட்டேன், பேச்சை மாற்றினார்கள். அப்படியே திரும்பி வந்துவிட்டோம்.

அப்புறம் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு. தம்பியே வந்து, சிகிச்சை வேண்டும் என்று அவன் கையாலேயே எழுதிக் கொடுத்தான் (அதற்கு முன் வீட்டில் நடந்த சண்டையை எழுதினால் தனிப் பதிவு ஆகும்). கஞ்சாவுக்கு மாற்று மருந்து என்று எதுவும் கிடையாது, தூக்கம் வராது, எரிச்சல் வரும், சாப்பாடு இறங்காது, முதல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் போதும் என்றார் டாக்டர். அவர் சொன்னபடியே நடந்தது. எட்டாம் நாள் ராத்திரி "அக்கா, கூட்டிட்டுப் போயிடு" என்று வார்டு வாசலில் உட்கார்ந்து அழுதான். நான் கிட்டத்தட்ட கூட்டிக்கொண்டு வந்திருப்பேன், டூட்டி நர்ஸ்தான் அதட்டி உள்ளே அனுப்பினார்.

அட்மிஷன் சீட்டை வைத்து வக்கீல் கோர்ட்டில் மனு போட்டார். அரசு வக்கீல், இப்படி எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போனால் கேஸே நிற்காது என்றார். விற்கிறவனையும் இவனையும் ஒரே தராசில் வைக்கிறார்களே என்று எனக்குக் கோபம்தான். நான்கு வாய்தா போன பிறகு மனு ஏற்கப்பட்டது.

இந்த வழியில் போகிறவர்கள் ஓ.பி. சீட்டு ஒன்றைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். கடைசி வாய்தாவில் டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதவில்லை, தொடர் சிகிச்சைக்கு வந்த தேதிகளையும் கேட்டார்கள். மருந்துச் சீட்டின் பின்பக்கம் டாக்டர் கிறுக்கியிருந்த ஆறு தேதிகள்தான் காப்பாற்றின.