உங்க இஷ்டம்ணே

அன்று ராத்திரி பதினொன்றேகால் மணிக்கு நான் சொன்னது இரண்டே வார்த்தை. "உங்க இஷ்டம்ணே." எங்கள் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறையின் மூத்த தொழிலாளியான அண்ணன் கேட்டதற்குச் சரி என்றிருக்கலாம், வேண்டாம் என்றிருக்கலாம். இரண்டும் சொல்லாமல் இதைச் சொன்னேன். வேலை முடிந்தது, பணம் வந்தது, சட்டை வாங்கிப்போன குருசாமி மறு வருஷமும் எங்களிடமே வந்தார். அதனால் இதை ஒரு பிழை என்று யாரிடமும் எடுத்துக்காட்ட முடியவில்லை. ஆனால் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த இரண்டு வார்த்தைதான்.

அண்ணன் கேட்டது இது. "தம்பி, இந்த டப்பா மருந்து இன்னைக்கு நிக்காது. பரண்ல பழசு கெடக்குல்ல, ஒரு ஃபிரேம் மட்டும் அதுல போட்டுரட்டுமா?"

மருந்து என்றால் எமல்ஷன், ஃபிரேமில் இழுத்துக் கட்டிய மெஷ் என்ற வலைத்துணியில் பூசுகிற பூச்சு. பழசு என்றால் பைக்ரோமேட், ஒரு குரோமிய உப்பு. ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். தண்ணீரில் கரைத்துப் பசையோடு கலந்து மெஷ்ஷில் பூசினால், வெளிச்சம் பட்ட இடம் கெட்டியாகிவிடும். படாத இடத்தைக் கழுவித் திறந்தால் அதன் வழியாக இங்க் இறங்கிப் படமாகும். கல்யாணப் பத்திரிகையும் தாம்பூலப் பையும் அடித்த எங்கள் முந்தைய தலைமுறை அதில்தான் தொழில் கற்றது. அண்ணன் பதினேழு வயதில் என் அப்பாவிடம் வேலைக்குச் சேர்ந்தவர். அவருடைய வலது கையில், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, துவரம்பருப்பு அளவுக்கு ஒரு குழி இருக்கிறது. பஞ்சிங் மெஷினால் குத்தி எடுத்த மாதிரி வட்டமான குழி. குரோமியம் ஒரு சின்னக் கீறல் வழியாக உள்ளே போனால் இப்படித்தான் புண் வைக்கும். வலி அவ்வளவாக இருக்காது, அதனால் ஆரம்பத்தில் கவனிக்க மாட்டோம். ஆற நாளாகும். ஆறினாலும் குழி தூராது. அண்ணன் அதை "மருந்துப் புண்ணு" என்பார், அம்மைத் தழும்பைச் சொல்வது போல.

பட்டறை என் பொறுப்புக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம் அந்த மருந்தை நிறுத்தியது. அதில் எனக்கு அன்றும் இன்றும் சந்தேகம் இல்லை. புற்றுநோய் வரை கொண்டுபோகிற சரக்கு அது. ஆனால் மிச்சமிருந்த அரை புட்டியை என்ன செய்வது? எங்கள் பட்டறைச் சாக்கடை வாய்க்காலில் சேர்கிறது, வாய்க்கால் அரசலாற்றுக்குப் போகிறது. ராணிப்பேட்டையில் மூடிப்போன ஆலையின் குரோமியக் கழிவு மேடாகக் கிடந்து நிலத்தடி நீரைக் கெடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். கொட்ட மனம் வரவில்லை. மூடியை டேப் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டேன். அதனால்தான் அண்ணன் அப்படிக் கேட்க முடிந்தது.

அதற்கு முன்னால் எமல்ஷன் விஷயம். நான் செய்தது சரியா தப்பா என்பது பாதி அதில்தான் இருக்கிறது.

2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பை தடை வந்த பிறகு எங்களுக்குத் துணிப்பை வேலை கூடியது. துணிக்குத் தண்ணீர் இங்க். பத்திரிகை அடிக்கிற சால்வென்ட் இங்க்குக்கு ஏற்ற எமல்ஷனை அதற்குப் போட்டால் நூறு பைக்குள் கரைந்து கையோடு வந்துவிடும். இதில் ஒரு அடிப்படைச் சிக்கல் இருக்கிறது. எக்ஸ்போஸ் ஆன, அதாவது வெளிச்சம் காட்டிய, ஃபிரேமைக் கழுவித் திறப்பது தண்ணீர். அப்புறம் அதே ஃபிரேமில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிற இங்க்கிலும் பெரும்பகுதி தண்ணீர். வெளிச்சம் படாத எமல்ஷன் தண்ணீரில் போக வேண்டும், வெளிச்சம் பட்டது அதே தண்ணீரை நாள் முழுக்கத் தாங்க வேண்டும். ஆகவே டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, அந்தப் படலம் எவ்வளவு வெந்திருக்கிறது, அதாவது வெளிச்சத்தில் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது, என்பதுதான் கணக்கு. டிஸ்சார்ஜ் இங்க் இன்னும் மோசம். அதில் சாயத்தை வெளுக்கிற கெமிக்கலும் சேர்ந்திருக்கிறது.

என் முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று, ரெடியாக வரும் ஃபோட்டோபாலிமர். திறந்து பூச வேண்டியதுதான், எங்கள் டியூப்லைட் பெட்டியில் இரண்டு நிமிஷத்தில் எக்ஸ்போஸ் ஆகிவிடும். மற்றது, டயஸோ என்ற மஞ்சள் மருந்தை நாமே கலக்கிற டூயல் கியூர். கலக்கி, நுரை அடங்கும்வரை வைத்து, ஏழெட்டு நிமிஷம் எக்ஸ்போஸ் கொடுக்க வேண்டும். கலக்கிய பிறகு நம் வெயிலுக்குச் சில வாரம்தான் தாங்கும், மிஞ்சினால் வீண். ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. வெந்தால் மஞ்சள் வெளிறும், வேகாவிட்டால் மஞ்சளாகவே நிற்கும். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். ரெடி எமல்ஷன் அப்படி எதையும் காட்டிக்கொடுக்காது. நான் ரெடியை எடுத்தேன். வேலை வேகமாக நடக்கும் என்பதுதான் காரணம். தண்ணீர் தாங்கும் என்று டப்பாவில் போட்டிருந்தது, அது பொய்யும் இல்லை. பங்குனியில் அதே எமல்ஷனில் ஒரே ஃபிரேமை வைத்து அறுநூறு பை அடித்திருக்கிறோம்.

2021 கார்த்திகையில் வந்தது அந்த ஐயப்பன் சட்டை. 420 சட்டை, கறுப்பு, முழுப் பருத்தி. மாலை போட்டு நடக்கிறவர்கள், நெஞ்சில் ரப்பர் அச்சு இருந்தால் வேர்த்துப் புழுங்குகிறது என்றார் குருசாமி. டிஸ்சார்ஜ்தான் அதற்கு வழி. துணியின் மேல் எதுவும் உட்காராது, கறுப்பு வெளுத்து அந்த இடமே படமாகும். கந்தகக் கறுப்புச் சாயம் சரியாக வெளுக்காது என்பதால் திருப்பூரிலிருந்து ரியாக்டிவ் சாயத் துணி கேட்டு வாங்கினோம், ஒரு துண்டு வெட்டிச் சோதித்தோம். எல்லாம் முறையாகத்தான் செய்தோம். இருமுடி கட்டும் நாள் ஞாயிற்றுக்கிழமை. அதை யாரும் தள்ளி வைக்க முடியாது.

அந்த நவம்பரில் டெல்டாவில் மழை எப்படிப் பெய்தது என்று சொல்லத் தேவையில்லை. சம்பா வயலில் தண்ணீர் நின்றது. பட்டறைச் சுவரில் கை வைத்தால் ஈரம். அடித்த துணியைச் சூடாக்குகிற கியூரிங் மெஷினில் டிஸ்சார்ஜ் இங்க் போகும்போது அழுகின முட்டை நாற்றம் வரும், அந்தப் புகையும் நல்லதில்லை, ஜன்னலைத் திறந்துதான் ஆக வேண்டும். திறந்த ஜன்னல் வழியாக மழைக்காற்று முழுக்க உள்ளே வந்தது. பூசிய ஃபிரேம்கள் அதே கூடத்தின் மூலையில்தான் காய்ந்துகொண்டிருந்தன.

சாயங்காலம் முதல் ஃபிரேமைக் கழுவும்போது அண்ணன் உள்பக்கத்தை விரலால் தடவினார். "கொழகொழன்னு இருக்கு தம்பி." நானும் தடவினேன். வெண்டைக்காய் நறுக்கின கை மாதிரி ஒரு வழவழப்பு. வெளிச்சம் வெளிப்பக்கமிருந்து வருவதால் உள்பக்கம், அதாவது இங்க்கை இழுக்கிற ஸ்குவீஜி கட்டை ஓடுகிற பக்கம், கடைசியில்தான் வேகும். வழவழப்பு இருந்தால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம், அல்லது படலத்துக்குள் ஈரம் இருந்து வேக விடவில்லை என்று அர்த்தம். இது எனக்குத் தெரியும். தெரிந்தே, "பூசினது கையில் ஒட்டலையேண்ணே, காஞ்சுதான் எக்ஸ்போஸ் வெச்சேன்" என்றேன். கையில் ஒட்டாதது மேல்தோல் மட்டும். மழைக்காலத்தில் மேல்தோல் காய்ந்து உள்ளே பச்சையாக இருக்கும் என்பதைக் களத்தில் நெல் காயவைத்தவர்கள் யாரும் சொல்வார்கள். நாங்கள் இருவருமே அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவர்கள்.

டிஸ்சார்ஜில் இன்னொரு கொடுமை, தப்பு உடனே கண்ணுக்குத் தெரியாது. கறுப்புத் துணியில் அடிக்கும்போது வெறும் ஈரத் தடம்தான். 160 டிகிரியில் போய் வெளியே வந்தால்தான் படம். நூற்று முப்பதாவது சட்டை வாக்கில் மெஷினிலிருந்து வந்த துணியில் ஐயப்பனைச் சுற்றி வெள்ளைப் புள்ளி. கடுகைத் தூவின மாதிரி. அதற்குள் பின்னால் வரிசையில் போனவற்றையும் சேர்த்தால் பதினேழு சட்டை. வெளுத்த கறுப்பைத் திரும்பக் கறுப்பாக்க வழியில்லை. ஃபிரேமைத் தூக்கிப் பார்த்தேன், ஓரமெல்லாம் எமல்ஷன் ஊறித் தோல் உரிகிற மாதிரி நின்றது. இரண்டாவது ஃபிரேம் போட்டோம். அது நாற்பதில் போனது.

அப்போதுதான் அண்ணன் கேட்டார். அப்போதுதான் நான் அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னேன்.

மரியாதையாகத்தான் சொன்னேன் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் மூத்தவர், எனக்கு ஸ்குவீஜி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர், அந்த மருந்தோடு முப்பது வருஷம் வாழ்ந்தவர். அதன் ஆபத்தை அவருக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? ஒரு பெரியவர் யோசித்துக் கேட்கிறார், "வேண்டாம், உங்களுக்குத் தெரியாது" என்று எப்படிச் சொல்வது? இதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது இதில் எதுவும் இல்லை. இருநூற்றைம்பது சட்டை பாக்கி, நாளை மறுநாள் ஞாயிறு, அவ்வளவுதான் ஓடியது. நான் நிறுத்திய மருந்தை நானே எடுக்கச் சொன்னேன் என்ற பெயர் வேண்டாம் என்றும் உள்ளே எங்கோ இருந்திருக்க வேண்டும். அவர் இஷ்டம் என்று விட்டுவிட்டால் அது அவர் முடிவு.

கையுறை மேஜை டிராயரில் இருந்தது. அவர் போடவில்லை. "கைக்குப் பதம் தெரியாது தம்பி." நான் டிராயரைத் திறந்து எடுத்துக் கொடுக்கவும் இல்லை. பக்கத்தில் நின்று டார்ச்சில் சிவப்பு பேப்பர் சுற்றி வெளிச்சம் காட்டினேன். கழுவும்போது மஞ்சள் தண்ணீர் தொட்டி ஓரமாகச் சுழித்துச் சாக்கடை ஓட்டைக்குள் போனது. அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். மழைத் தண்ணீரோடு சேர்ந்து எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஃபிரேம் நின்றது. விடிய விடிய அடித்தோம். சனிக்கிழமை மதியம் பாக்கி முழுவதும் முடிந்தது. பதினேழுக்குப் பதில் துணி எடுத்து வர ஒரு பையனை அனுப்பி, அதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டோம்.

இரண்டு நாளில் அண்ணனுக்கு விரலிடுக்கில் அரிப்பெடுத்துத் தடித்தது. பொங்கல் வரை போகவில்லை. டிஸ்சார்ஜ் இங்க்கால்தான் என்றார் அவர். இருக்கலாம், அதில் ஃபார்மால்டிஹைட் வருகிறது, அதுவும் தோலுக்கு ஆகாது. ஒரு தடவைக்கு பைக்ரோமேட் இவ்வளவு செய்யுமா என்றால், ஏற்கெனவே பழகிய தோலுக்குக் கொஞ்சம் பட்டாலே போதும் என்கிறார்கள். எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிரிக்க முடியாததில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதெல்லாவற்றையும்விட என்னைத் தொந்தரவு செய்வது வேறு ஒன்று. அண்ணன் அந்தக் கடைசி ஃபிரேமைப் பூசியதும் மூலையில் சாய்க்கவில்லை. கியூரிங் மெஷின் வாய்க்கு எதிரே, இரண்டு முழம் தள்ளி, கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பைக்ரோமேட் சூட்டிலும் கெட்டியாகிவிடும் என்பதால் புறங்கையை மெஷ்ஷுக்கு முன்னால் நீட்டிச் சூடு பார்த்துப் பார்த்து, அரை மணி நேரம் காய வைத்தார். எக்ஸ்போசிங்கும் எப்போதும் கொடுப்பதைப் போல ஒன்றரை மடங்கு. ஆக அன்று நின்றது பழைய மருந்தா, அந்த அரை மணி நேரமா?

தை பிறந்ததும் சோதித்துப் பார்த்தேன். வெளிச்சத்தைப் படிப்படியாகக் குறைத்து விடுகிற 21 படி அளவுத் துண்டு ஒன்றை வாங்கினேன், ஏழாவது படி வரை நின்றால் எக்ஸ்போசிங் சரி என்று கணக்கு. ஈரமானி வாங்கி மாட்டினேன். அடுத்த மழையில் அது 88 சதவீதம் காட்டிய ஒரு நாள், அதே ரெடி எமல்ஷனை மெஷின் முன்னால் காய வைத்து, நேரம் கூட்டி, கழுவிக் காய்ந்த பிறகு உள்பக்கத்துக்கு இன்னொரு தடவை வெளிச்சம் கொடுத்தேன். டிஸ்சார்ஜில் முந்நூறு தாண்டியும் புள்ளி விழவில்லை. இப்போது மழைக்காலத்துக்கு டூயல் கியூர்தான் வைத்திருக்கிறேன், அந்த மஞ்சள் காட்டிக்கொடுக்கிறது என்பதற்காக. யாராவது கேட்டால் அதைத்தான் வாங்கச் சொல்கிறேன். ஆனால் என் சோதனைப்படி பார்த்தால் அன்று எமல்ஷனை மாற்றவே தேவையில்லை. அண்ணன் கையில் பிடித்தது என் ஃபிரேமாக இருந்திருந்தாலும் நின்றிருக்கும். படலத்தைக் கெட்டியாக்குகிற ஹார்டனர் பூசியிருந்தால் மெஷ்ஷைத் திரும்ப உபயோகிக்க முடியாது, ஒரு மெஷ் போயிருக்கும், அவ்வளவுதான். அதுகூட எனக்கு அன்று தோன்றவில்லை.

போன வருஷம் ஒரு நாள் டீ குடிக்கும்போது அண்ணனிடம் சொன்னேன். "அன்னைக்கு நான் வேணாம்னு சொல்லியிருக்கணும்ணே." அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "சொல்லியிருந்தா சட்டைக்கு என்ன பண்ணியிருப்பீங்க?" மெஷின் முன்னால் காய வைத்திருக்கலாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. அப்படிச் சொன்னால் அவர் செய்தது வீண் வேலை என்று ஆகும். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. "தெரியலண்ணே" என்றேன். அவர் கிளாஸை எடுத்து மிச்ச டீயைக் குடித்தார்.

இந்த ஐப்பசியில் பரணை ஒழித்தபோது புட்டியை இறக்கிப் பார்த்தேன். கால் புட்டி இருக்கிறது. மூடிக்கு மேல் புது டேப் சுற்றினேன். அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார், மேலே ஏறித் திரும்ப அதே இடத்தில் வைத்தேன்.