மைட்ரல் வால்வு மாற்றிக்கொண்ட அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நாங்கள் இருக்கும் சாட்ஸ்வொர்த் பகுதி முழுக்க ஏற்றமும் இறக்கமும்தான். கடைக்குப் போய்விட்டு வீடு ஏறுவதற்குள் மூச்சு இரைத்தது. பிறகு ராத்திரி படுத்தாலே முட்டியது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே தூங்கினேன். ஸ்டெதஸ்கோப் வைத்ததுமே டாக்டர் எக்கோ, அதாவது இதயத்தின் ஸ்கேன், எடுக்கச் சொல்லிவிட்டார்.

இருட்டறையில் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு திரையைப் பார்த்தேன். இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருப்பது மைட்ரல் வால்வு. மற்ற மூன்று வால்வுகளுக்கும் மூன்று இதழ், இதற்கு மட்டும் இரண்டு. இதழ் ஓரங்களிலிருந்து மெல்லிய நார்கள் கீழறைத் தசையில் போய்ப் பிணைந்திருக்கின்றன. கீழறை சுருங்கும்போது இதழ் மேல்பக்கம் புரண்டுவிடாமல் பிடித்துக்கொள்வது அவைதான். திறப்பதும் மூடுவதும் இரு பக்க அழுத்த வித்தியாசத்தால் நடக்கிறது. நரம்பின் கட்டளை எதுவும் வேண்டாம்.

என் இதழ்கள் தடித்து, ஓரம் ஒட்டி, சுண்ணாம்பு படிந்திருந்தன. 4 முதல் 6 சதுர செ.மீ. திறக்க வேண்டிய வாய், 1-க்கும் கீழே சுருங்கியிருந்தது. ரத்தம் மேலறையில் தேங்கி, நுரையீரல் நாளங்களில் அழுத்தம் ஏறி, நீர் கசிந்ததால்தான் அந்த மூச்சுமுட்டல்.

சின்ன வயதில் தொண்டைப்புண்ணுக்குப் பிறகு எனக்குக் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வந்ததை அம்மா போனில் நினைவுபடுத்தினார். அது ருமாட்டிக் காய்ச்சல். தொண்டைப்புண்ணை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்க்கக் கிளம்பும் நம் எதிர்ப்புசக்தியே வால்வையும் தாக்கிவிடுகிறது. வார்டில் பக்கத்துப் படுக்கைகளிலும் இதே கதைதான். 1967 டிசம்பரில் கேப் டவுனின் க்ரூட் ஷூர் மருத்துவமனையில் உலகின் முதல் மனித இதய மாற்று நடந்த நாடு இது. பென்சிலினால் தடுக்கக்கூடிய நோய்க்கு இங்கே இன்னும் மார்பைப் பிளக்க வேண்டியிருப்பது என் மனதை அறுக்கிறது.

பலூனால் விரிக்க முடியாதா என்று கேட்டேன். சுண்ணாம்பு அதிகம், கசிவும் இருக்கிறது, சரிவராது என்றார்கள். விலங்குத் திசுவால் செய்த வால்வு வைத்தால் இளவயதுக்காரர்களுக்குச் சீக்கிரம் தேய்ந்துவிடும். உலோக வால்வு என்று நாம் சொல்வதன் இதழ்கள் உண்மையில் கார்பனால் ஆனவை. அது நெடுங்காலம் உழைக்கும், ஆனால் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையை ஆயுசுக்கும் சாப்பிட வேண்டும். அந்த மாத்திரை கருவைப் பாதிக்கும் என்பதால், இனி பிள்ளை பெறும் எண்ணம் உண்டா என்று முதலிலேயே கேட்டார்கள். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் போதும். கார்பன் வால்வே வைத்துக்கொண்டேன்.

ஆபரேஷனைவிட அதற்குப் பிந்தைய மாதங்கள்தான் சோதனை. வால்வின் மேல் ரத்தம் உறையக் கூடாது, அதற்காக எங்கேயும் ரத்தக்கசிவும் வந்துவிடக் கூடாது. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு எனக்கு 2.5-க்கும் 3.5-க்கும் நடுவே நிற்க வேண்டும். ஊரிலிருந்து வந்திருந்த அத்தை, “அறுத்த உடம்பும்மா, கீரை சாப்பிட்டாத்தான் ரத்தம் ஊறும்” என்று கொல்லை முருங்கையைத் தினமும் உருவினார். அடுத்த பரிசோதனையில் ஐஎன்ஆர் 1.8. கீரையிலுள்ள வைட்டமின் கே, வார்ஃபரினுக்கு நேர் எதிராக வேலை செய்கிறது.

அதற்காகக் கீரையையே ஒதுக்க வேண்டாம் என்று கிளினிக் நர்ஸ் பொறுமையாக விளக்கினார். வாரா வாரம் ஒரே அளவு சாப்பிட்டால், மாத்திரையின் அளவை அதற்கேற்ப அவர்கள் வைத்துக்கொள்வார்கள். இப்போது புதனும் சனியும் ஆளுக்கு ஒரு கரண்டி கீரைப் பொரியல். அத்தையே அளந்து வைக்கிறார். டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை தொடுவதில்லை. பல் பிடுங்கப் போனால், வால்வில் கிருமி தொற்றாமலிருக்க முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் எடுத்துக்கொள்கிறேன். பிள்ளைகளுக்குத் தொண்டைவலியோடு காய்ச்சல் வந்தால் கஷாயத்தோடு நிறுத்தாமல் அன்றைக்கே கிளினிக்குக் கூட்டிப்போகிறேன்.