செங்கல் வரிசை இறங்கிய இடம்

விளையாட்டின் கட்டங்களை வடிவமைக்கும் லெவல் டிசைனராகப் பணியில் சேர்ந்த முதல் மாதத்தில், விளையாட்டுகளை இயக்கும் புதிய எஞ்சின் மென்பொருள் எதையும் தொடவிடாமல், ஐடி சாஃப்ட்வேர் 1993இல் வெளியிட்ட டூம் விளையாட்டுக்கு ஒரு மேப், அதாவது ஆட்டக்களம், கட்டிவரச் சொன்னார்கள். அறைகளையும் நடைவழிகளையும் இரண்டே நாளில் முடித்துவிட்டேன். அதைப் பார்வையிட்ட மூத்த சக பணியாளர் ஒளியமைப்பைப் பற்றியோ அரக்கர்களைப் பற்றியோ ஒரு சொல்லும் சொல்லாமல், ஜன்னலுக்குக் கீழிருந்த சுவரின் மீது விரலை வைத்து, "இந்தக் கொத்தனாருக்குக் கூலி கொடுப்பீர்களா?" என்று கேட்டார். பக்கச் சுவரில் நேராக ஓடிவந்த செங்கல் வரிசை, ஜன்னலடியில் ஐந்தாறு பிக்சல் இறங்கியிருந்தது.

டூமில் முழுச் சுவரின் டெக்ஸ்சர், அதாவது சுவரில் ஒட்டப்படும் படம், மேற்கூரையிலிருந்து கீழ்நோக்கி வரையப்படும். ஜன்னலுக்குக் கீழுள்ள துண்டுச் சுவரில் அத்துண்டின் மேல்விளிம்பிலிருந்து தொடங்கும். ஜன்னலுக்கு மேலுள்ள துண்டிலோ கீழ்விளிம்பை ஆதாரமாகக் கொண்டு மேல்நோக்கி ஏறும். தொடக்கப் புள்ளிகள் மூன்றாக இருக்கும்போது வரிசை எப்படிச் சேரும்? டெக்ஸ்சரின் தொடக்கப் புள்ளியை மாற்றும் அப்பர் அன்பெக்டு (மேல் துண்டுக்கு), லோயர் அன்பெக்டு (கீழ்த் துண்டுக்கு) என்ற இரண்டு குறிகளையும் இட்டதும், மூன்றும் அறையின் மேற்கூரையிலிருந்தே அளக்கப்பட்டு, செங்கற்கள் ஒரே கோட்டில் வந்து நின்றன. கதவு நிலையின் பக்கங்களுக்கும் லோயர் அன்பெக்டு தேவை. அதை மறந்தால் கதவு உயரும்போது நிலையும் கூடவே மேலே வழுக்கிச் செல்லும். அதையும் நான் மறந்திருந்தேன்.

கிடைமட்டச் சீரமைப்பு எளிதென்றே நினைத்தேன், ஏனெனில் டூம் மேப்களைக் கட்டும் மென்பொருளான டூம் பில்டரில் 'ஏ' விசையை அழுத்தினால் அடுத்தடுத்த சுவர்களின் ஆஃப்செட், அதாவது டெக்ஸ்சர் தள்ளித் தொடங்கும் அளவு, தானாகவே பொருந்திவிடும். அந்த நம்பிக்கையைக் கெடுத்தது அறையின் நடுவில் நான் வைத்த எண்கோணத் தூண். அதன் நான்கு நேர் முகங்கள் தலா 64 அலகு; ஓர் அலகு டெக்ஸ்சரின் ஒரு பிக்சலுக்குச் சமம். குறுக்கே 32, நெடுக்கே 32 எனச் சாய்ந்த மற்ற நான்கும் தலா ஏறத்தாழ 45.25 அலகு. ஆகச் சுற்றளவு 437. 64 பிக்சல் அகலமுள்ள செங்கல் டெக்ஸ்சர் அதில் ஆறு முறை முழுதாகச் சுற்றி, ஏழாவது முறை 53 பிக்சலில் அறுபட்டது. எந்த விசையை அழுத்தினாலும் அந்தப் பிசிறு இடம் மாறியதே தவிர, மறையவில்லை. வாசலிலிருந்து பார்த்தால் தெரியாத பின்முகத்துக்கு அதைத் தள்ளிவைத்தேன். ஆனால் சண்டையின்போது ஆட்டக்காரர் ஒளிந்துகொள்ளப் போவதே அந்தத் தூணின் பின்னால்தான் என்பது எனக்குத் தோன்றவில்லை. மூத்தவருக்குத் தோன்றியது.

கடைசியில் சாய்ந்த முகங்கள் நான்கிலும் இரும்புத் தகட்டு டெக்ஸ்சரை இட்டு, நேர் முகங்களில் மட்டும் செங்கலை விட்டேன். முகத்துக்கு ஒரு முழு டெக்ஸ்சர் சரியாகப் பொருந்தியது. தூணும் மூலைகளில் இரும்புச் சட்டம் இட்டுக் கட்டியது போலத் தெரிந்தது. மூத்தவர் அதை இரண்டு முறை சுற்றிவந்தார். பிறகுதான் ஒளியமைப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.