‘தெரியாது’ என்று குறித்தேன்

“அஞ்சு வருஷம் நூறு ரூபாயத் தொடாம வச்சிருக்கிற வீட்ல போயிக் கேளுங்க தம்பி.”

நிலக்கோட்டைப் பக்கம் பூ வியாபாரம் பார்க்கும் அக்கா சொன்னது. மக்களின் நிதி அறிவை அளக்கும் கணக்கெடுப்புக்காகப் போயிருந்தேன். நான் கேட்டது இத்தகைய கணக்கெடுப்பில் எல்லோரும் கேட்பதுதான்: வங்கியில் 100 ரூபாய், ஆண்டுக்கு 2 சதவீத வட்டி, எடுக்காமல் விட்டால் ஐந்து ஆண்டில் 102-க்கு மேல் இருக்குமா, சரியாக 102-ஆ, குறைவா? பொருளாதார ஆய்வாளர்கள் லுசார்டியும் மிட்செலும் 2004-இல் அமெரிக்காவில் ஐம்பது வயது தாண்டியவர்களிடம் டாலரில் கேட்ட கேள்வி. இங்கே ரூபாயாகிவிட்டது, அவ்வளவுதான்.

கேள்வியை ஒருமுறை திரும்ப வாசிக்கலாம், விளக்கக் கூடாது. வாசித்தேன். அவர் சிரித்துவிட்டுப் பூக்கட்டப் போய்விட்டார். ‘தெரியாது’ என்று குறிப்பதா, ‘பதில் சொல்ல மறுத்தார்’ என்று குறிப்பதா? ‘தெரியாது’ என்றே குறித்தேன். எதைக் குறித்திருந்தாலும் மதிப்பெண் பூஜ்யம்தான். விதிப்படி நான் செய்தது சரி, இன்றைக்கும் அதையேதான் செய்வேன்.

ஆனால் அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அவர் தன் சீட்டுக் கணக்கைச் சொல்லியிருந்தார். இருபது பேர், மாசம் ஆயிரம். மூன்றாவது மாதமே நாலாயிரம் தள்ளி 16,000 எடுத்திருக்கிறார். தண்டல் வாங்கியிருக்கலாமே என்றதற்கு, “பத்தாயிரத்துக்கு எட்டாயிரத்து ஐநூறுதான் கையில தருவான். தெனம் நூறு, நூறே நாள்ல முடிக்கணும். சீட்டுல நாலாயிரம் போனாலும் பதினேழு மாசம் இருக்கு, மாசாமாசம் கழிவும் வரும்ல” என்றார். பணத்தோடு காலத்தையும் சேர்த்துப் போட்ட கணக்கு. எழுத என் படிவத்தில் இடமில்லை. ‘கடந்த ஓராண்டில் வரவு போதாமல் கடன் வாங்கினீர்களா’ என்ற கேள்விக்கு அவர் சொன்ன ‘ஆமா’ மட்டும் பதிவானது. அதிலும் மதிப்பெண் போயிற்று.

இதை வைத்துக்கொண்டு ஏழைகளின் கணக்கறிவே அறிவு என்று நெகிழ்ந்துவிடலாம். என்னால் முடியவில்லை. இதே அக்கா, மாதம் நூற்றுக்குப் பத்து தருகிறோம் என்ற நகைத் திட்டம் ஒன்றில் பணம் போட்டு இழந்தவர். சீட்டு பதிவு செய்ததா என்றதற்கு, “நடத்துறவுக நம்ம தெருதான்” என்றார். சீட்டைப் பதிவு செய்யச் சொல்லும் சீட்டு நிதிச் சட்டம் வந்தது 1982-இல். நாளைக்கே அந்த ஆள் ஓடினால் அவர் கையில் ஒரு நோட்டுப் புத்தகம்தான் மிஞ்சும். அப்படியானால் பூஜ்யம் ஏதோ ஒன்றைச் சரியாகத்தான் அளந்ததோ? அப்படியும் சொல்ல முடியவில்லை. அதே தெருவில், எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்ன ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அதே நகைத் திட்டத்தில்தான் பணம் போட்டிருந்தார்.

2019-இல் தேசிய நிதிக் கல்வி மையம் எடுத்த கணக்கில் 27 சதவீதம் பேருக்குத்தான் நிதி அறிவு. எங்கள் அறிக்கையிலும் அந்த எண் பக்கத்தில் எங்கள் எண்ணை வைத்தோம். சீட்டு, தண்டல் பற்றி இரண்டு கேள்வி சேர்க்கலாமே என்று கூட்டத்தில் கேட்டேன். சேர்த்தால் மதிப்பெண் முறை மாறும், பழைய எண்ணோடு ஒப்பிட முடியாது என்றார்கள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. தலையாட்டிவிட்டு வந்தேன்.