தடைக்காலம் முடிவதற்குள் விஞ்ச்சுக்கு ரோப் மாற்றினோம்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறிப் பழுது பார்த்துக்கொள்வது இந்த 61 நாளில்தான். தூத்துக்குடிப் பக்கம் ஒரு படகுத் தளத்தில் நான் மெக்கானிக். சரிவாகப் போட்ட தண்டவாளத்தில் டிராலி ஓடும். படகை அதன்மேல் உட்காரவைத்து, மேலேயிருக்கும் மின்சார விஞ்ச்சால், அதாவது ரோப்பை டிரம்மில் சுற்றி இழுக்கும் இயந்திரத்தால், இழுப்போம். சீசன் நடுவில் அந்த விஞ்ச்சின் எஃகுக் கம்பி ரோப்பை மாற்ற வேண்டி வந்தது. இதே வேலையில் இருப்பவர்களுக்குப் பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. 60 டன் படகு, 20 டன் டிராலி, சரிவு 15க்கு 1 என்றால் இழுக்கவே 5 டன்னுக்கு மேல் வேண்டும். சக்கர உராய்வையும் சேர்த்தால் 8 டன்னை ஒட்டி வரும். எங்களுடையது 28 மி.மீ. ரோப், புதிதாக இருக்கும்போது அதன் முறிவு வலு சுமார் 50 டன். ஆறு மடங்கு கையிருப்பு இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் உப்புக்காற்றில் நாலைந்து சீசன் கிடந்த ரோப்புக்கு இந்தக் கணக்கு செல்லாது. போதாததற்கு, அடியறையில் தண்ணீர் தேங்கிய படகை அப்படியே கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன். பம்ப் அடித்து வெளியேற்றாமல் டிராலியில் ஏற்றுவதில்லை என்று வைத்திருக்கிறோம்.

ரோப்பில் காட்டன் வேஸ்ட்டைச் சுற்றி, தோல் கையுறையோடு, மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தோம். அறுந்த கம்பி இருக்கும் இடத்தில் பஞ்சு சிக்கும். கம்பிகளைச் சேர்த்து முறுக்கியது புரி, புரிகளைச் சேர்த்து முறுக்கியது ரோப். புரியின் மேட்டில் அறுந்திருந்தால் அது தேய்மானம். இரண்டு புரிக்கு நடுவே பள்ளத்தில் அறுந்திருந்தால் உள்ளேயும் கெட்டிருக்கிறது என்று அர்த்தம். எங்களுக்குப் பள்ளத்தில்தான் கிடைத்தது. தடிமன் அளக்கும் வெர்னியரை மேட்டுக்கு மேடு வைத்து அளந்தால் பல இடங்களில் 26 மி.மீ.கூட இல்லை. தளத்துப் பழக்கப்படி 26ஐத் தொட்டாலே கழிக்க வேண்டும்.

"வெளிய பாத்தா நல்லாத்தான இருக்கு அண்ணாச்சி, இந்த ஒரு போட்ட மட்டும் இறக்கி விட்டுருங்க" என்று ஒரு படகு முதலாளி கெஞ்சினார். எங்கள் ஃபோர்மேன் அண்ணாச்சி அசையவில்லை. ஏற்றும்போது கோளாறு என்றால் மோட்டார் முனகும், கரண்ட் ஏறும், நமக்கு எச்சரிக்கை கிடைக்கும். இறக்கும்போது அப்படி இல்லை. எடை தானாகவே கீழே போகத் துடிக்கும், பிடித்திருப்பது ரோப்பும் பிரேக்கும் மட்டும்தான். இந்த வேலை முழுக்க நாங்கள் பயந்தது இறக்குவதை நினைத்துத்தான்.

புது ரோப் வந்ததும் சுருளில் அடித்திருந்த எண்ணும் சான்றிதழில் இருந்த எண்ணும் ஒன்றா என்று பார்த்தோம். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைகள் சட்டம் 1948, பிரிவு 29ல் விஞ்ச்சும் அடக்கம். 12 மாதத்துக்கு ஒரு முறையாவது தகுதி பெற்றவர் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றது அது. அவர் வந்தால் முதலில் கேட்பதே இந்தக் காகிதத்தைத்தான்.

டிராலியை மேலே கொண்டுவந்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, சங்கிலியால் கட்டிய பிறகே பழைய ரோப்பைக் கழற்றினோம். மெயின் சுவிட்சில் பூட்டுப் போட்டுச் சாவியை அண்ணாச்சி தன் பையில் வைத்துக்கொண்டார். டிரம்மைச் சுழற்ற வேண்டியபோது மட்டும், எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் திறந்தார்.

புது ரோப்பை வெட்டுமுன் வெட்டும் இடத்தின் இரு பக்கமும் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் புரி பிரிந்துவிடும். சுருளைத் தரையில் படுக்கவைத்து உருவவே கூடாது. முறுக்கு விழும், முறுக்கு விழுந்த இடம் போனதுதான். பைப்பை அச்சாகக் கொடுத்து ஸ்டாண்டில் நிறுத்திச் சுழலவிட்டோம்.

டிரம்மில் எந்தப் பக்கம் தொடங்குவது என்பதில்தான் பாதி நேரம் வாக்குவாதம். ரோப் வலப் புரியா (புரிகள் வலப்பக்கமாக முறுக்கியதா), டிரம்மின் மேலாகச் சுற்றுகிறதா? அப்படியானால் டிரம்முக்குப் பின்னால் நின்று, வலது கையை உள்ளங்கை கீழே பார்க்க நீட்டி, ஆள்காட்டி விரலை ரோப் போகும் திசையில் காட்டுங்கள். கட்டை விரல் காட்டும் பக்கம்தான் ரோப்பின் முனையைக் கட்ட வேண்டும். மாற்றிக் கட்டினால் சுற்றுகள் நெருங்கி உட்காராமல் இடைவெளி விடும்.

ரோப்பின் மறுமுனையை டிராலியில் மாட்டி, மடித்த ரோப்பைச் சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட் கிளிப்பின் வளைவு வெட்டுமுனைப் பக்கமும், சேணம் என்னும் அடித்துண்டு பாரம் இழுபடும் பக்கமும் வருமாறு இறுக்கினோம். பிறகு வெறும் டிராலியைக் கீழே விட்டு, அதன் எடையையே இழுவிசையாக வைத்து மறுபடி சுற்றினோம். தளர்வாகச் சுற்றினால் பாரம் ஏறும்போது மேல் அடுக்கு கீழ் அடுக்குக்குள் வெட்டி இறங்கும். டிராலி கடைசி வரை இறங்கினாலும் டிரம்மில் 3 சுற்றாவது மிச்சம் இருக்க வேண்டும். அந்த 3 சுற்றுக்கும் மஞ்சள் பெயின்ட் அடித்துவிட்டோம். ஓட்டுபவருக்கு மஞ்சள் தெரிந்தால் நிறுத்தத்தான் வேண்டும், எல்லையில் தானாக நிறுத்தும் லிமிட் சுவிட்சை நம்பி நிற்கக் கூடாது.

ரோப்பைவிட பிரேக்தான் எங்களைப் படுத்தியது. கப்ளிங்கில் இருந்து கிரீஸ் தெறித்து, பிரேக்கின் உராய்வுப் பட்டையான லைனிங் வழவழவென்று இருந்தது. துடைத்துப் போடலாம் என்று ஹெல்பர் பையன் சொன்னான். எண்ணெய் ஊறிய லைனிங்கைத் துடைத்துப் பயனில்லை, சூடானதும் மறுபடி கசியும். புது லைனிங் போட்டு, லைனிங்கைத் தாங்கும் இரண்டு ஷூவுக்கும் ஒரே இடைவெளி வருமாறு ஃபீலர் கேஜ் வைத்துச் சரிசெய்தோம்.

அப்புறம் சோதனை. முதலில் வெறும் டிராலி, பிறகு சின்னப் படகு, கடைசியில் பெரிய படகு. ஒவ்வொன்றையும் சரிவின் நடுவில் நிறுத்தி, நழுவுகிறதா என்று பார்க்கத் தண்டவாளத்தில் சாக்பீஸ் கோடு போட்டுக் காத்திருந்தோம். இறங்கிக்கொண்டிருக்கும்போதே மெயின் சுவிட்சையும் அணைத்துப் பார்த்தோம். கரண்ட் போனால் ஸ்பிரிங் தானாகப் பிரேக்கைப் பிடிக்க வேண்டும். பிடித்தது. அந்த நேரம் ரோப்பின் வரிசையில் யாரும் நிற்கவில்லை. அறுந்த ரோப் எந்தப் பக்கம் விசிறும் என்று சொல்ல முடியாது.

முதல் சில படகுகள் இறங்கியதும் கிளிப்புகளை மறுபடி இறுக்கினோம், புது ரோப் பாரத்தில் நீண்டு கொஞ்சம் மெலியும். கெஞ்சின முதலாளி மறுநாள் வந்து, கழித்த ரோப்பை இன்ஜின் தூக்கத் தருவீர்களா என்று கேட்டார். அதற்குள் அதை ஒரு மீட்டர் துண்டுகளாக வெட்டிப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பியிருந்தோம்.