ஆண்டு எழுதப்படாத ஒரு கடிதம்

கலிபோர்னியாவில் தங்கம் தேடிப் போனவர்களின் கடிதங்களைப் படிப்பதற்காக, அம்மாநில நூலகம் ஒன்றின் கையெழுத்துப் பிரிவில் ஒரு வாரம் அமர்ந்திருந்தேன். பெட்டி எண்ணைக் குறிப்பிட்டு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பையையும் பேனாவையும் வெளியே வைத்துவிட்டுப் பென்சிலுடன்தான் உள்ளே செல்லலாம்.

நான்காம் நாள் கைக்கு வந்த ஒரு தாள் என்னை ஒன்றரை நாள் பிடித்துவைத்தது. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஓர் இளைஞன் கிழக்குக் கரையில் இருந்த தன் தாய்க்கு எழுதியது. பக்கம் நிறைந்ததும் தாளைத் திருப்பி, எழுதிய வரிகளின் மேலேயே குறுக்காக மறுபடியும் எழுதியிருந்தான். அரை அவுன்ஸ் எடைக்கு 40 சென்ட் தபால் கட்டணம் இருந்த காலத்தில், இன்னொரு தாளைச் சேர்ப்பது எளிய செலவன்று. முதலில் வெறும் வலையாகத் தெரிந்த எழுத்து, ஒரு திசை வரிகளை மட்டும் வாய்க்குள் மெல்லப் படித்துப் பழகிய பிறகே பிரிந்து வந்தது.

தலைப்பில் 'மே 5' என்று மட்டும் இருந்தது; அக்காலத்து முத்திரைகள் பலவற்றைப் போல இதன் முத்திரையிலும் ஆண்டு இல்லை. முந்தைய நாள் தீயில் நகரம் அழிந்ததாக எழுதியிருந்ததால், 1850 மே 4 அன்று நேர்ந்த பெருந்தீயை எண்ணி 1850 என்று குறித்துக்கொண்டேன். அது என் அவசரம். உறையில் இருந்த 40 என்ற எண், கட்டணம் குறைக்கப்பட்ட 1851 ஜூலைக்கு முந்தையது இக்கடிதம் என்பதை மட்டுமே உறுதிசெய்தது. மறுநாள் குறுக்கு வரிகளைப் படித்தபோது, 'நேற்று ஞாயிற்றுக்கிழமையாக இருந்தும் வழிபாடு நடக்கவில்லை' என்ற பொருளில் ஒரு வரி கிடைத்தது. நாட்காட்டியைப் பார்த்தேன்: 1850 மே 4 சனிக்கிழமை, 1851 மே 4 ஞாயிற்றுக்கிழமை. சரியாக ஓராண்டு கழித்து, 1851 மே 3 இரவு தொடங்கி மறுநாளும் எரிந்த தீயைத்தான் அவன் கண்டிருக்கிறான். குறுக்கு வரிகளைக் கடினமென்று விட்டிருந்தால் தவறான ஆண்டே என் குறிப்பில் நிலைத்திருக்கும்.

எழுத்துப் பிழைகளைத் திருத்தாமல், தெளிவில்லாத சொற்களைச் சதுர அடைப்புக்குள் கேள்விக்குறியுடன் இட்டு முழுக் கடிதத்தையும் படியெடுத்தேன். பனாமா வரை ஒரு கப்பல், நிலப்பகுதியைக் கடக்கப் படகும் கோவேறு கழுதையும், பிறகு வேறொரு கப்பல் என்று அக்காலக் கடிதங்கள் சென்றன. தீயைப் பற்றிய செய்தித்தாள்களும் அதே கப்பல்களில்தான் போகும் என்பதை அவன் அறிந்திருக்க வேண்டும்: 'நலமாக இருக்கிறேன்' என்பதை அந்த ஒரே தாளில் மூன்று இடங்களில் எழுதியிருக்கிறான்.